கியாரண்டி முடியாத அறை

என் தம்பி முப்பத்தோரு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீஸில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பார்சலை வாங்கிக்கொள்வதுதான் அவன் வேலை என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். திருப்பி அனுப்புவதுதான் தன் வேலை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கயிறு தளர்ந்திருந்தால் திருப்பி அனுப்புவான். மூலை நசுங்கியிருந்தால் திருப்பி அனுப்புவான். கட்டு ஒழுங்காக இருந்துவிட்டால் முகம் வாடிப்போய், படிவத்தை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டுவான். விரல் எங்கேயாவது நின்றுவிடும். உடனே முகத்தில் வெளிச்சம் வரும்.

"ஒரு கட்டம் காலியா இருக்கு. எடுத்துட்டுப் போங்க. இங்க வெச்சிருக்கக் கூடாது."

ஒரு மனுஷர் தங்கைக்கு அனுப்ப ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுவந்து மூன்று நாள் அலைந்தார். நாலாம் நாள் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது; கடிகாரம்தான் நின்று போயிருந்தது. இவனுக்குக் கட்டம்காலி என்று பெயர் வைத்ததே அவர்தான் என்று சொல்வார்கள். அந்தப் பெயர் ஆபீஸிலிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

இப்படிப்பட்டவன் கையில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கிடைத்தது. அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வாங்கினான். கடைக்காரர் அதை அட்டைப்பெட்டியில் வைத்து, கூடவே ஒரு கியாரண்டி கார்டையும் கொடுத்து, எல்லோருக்கும் சொல்வதை இவனுக்கும் சொன்னார்: கார்டைப் பத்திரமாக வையுங்கள், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறு யாராவது என்றால் கடை வாசலைத் தாண்டும்போதே மறந்திருப்பார்கள். இவன் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டான்.

கல்யாணம் ஆகி வந்தவள் தையல் தெரிந்தவள். தானே சம்பாதித்து வாங்கிய தையல் மெஷினோடு வந்தாள். அந்த வீட்டில் பின்னறை ஒன்று உண்டு. அகலமான ஜன்னல், சாயங்காலம் வரை விளக்கே போடாமல் ஊசியில் நூல் கோக்கலாம். மேல்மாடியில் குடியிருந்த நான்தான் அவளைக் கூட்டிப்போய் அந்த அறையைக் காட்டினேன். கதவைத் திறந்தால், நடு அறையில், துடைத்துவிட்ட தரையில், டிரான்சிஸ்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு முழம்கூட இருக்காது.

"இதை அந்த அலமாரி மேல வெச்சிடலாமே" என்றாள் அவள்.

"ஈரம் படக்கூடாது. எலி வரக்கூடாது. மேல எதையும் வைக்கக்கூடாது" என்றான் தம்பி. "ரிப்பேர்னு வந்தா இதே பெட்டியில, இதே அட்டையோட கொண்டு போகணும். ஒரே ஒரு வருஷம்தான். கியாரண்டி முடியற அன்னைக்கு பெட்டி வெளிய. அறை உனக்கு."

"சத்தியமாவா?"

"நான் எப்பவாவது பேச்சு மாறியிருக்கேனா? அக்காவைக் கேளு."

அவன் பேச்சு மாறியதில்லை. அதுதான் அவனிடம் இருந்த பெரிய கஷ்டம்.

அவள் இடுப்பில் செருகியிருந்த தையல் சாக்கட்டியை எடுத்து, கதவு நிலையில் ஒரு கோடு போட்டாள். தன் மெஷினைச் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடையில் போட்டுக்கொண்டாள். யாராவது குளிக்கப் போனால் எழுந்து முக்காலியை உள்ளே தள்ள வேண்டும். குளித்துவிட்டு வந்தால் மறுபடி எழுந்து தள்ள வேண்டும். ஒரு வருஷம்தானே.

பதினோராம் மாசம் டேப் ரிக்கார்டர் வந்தது.

டேப் ரிக்கார்டர் பெரிய பெட்டி. அதற்கும் ஒரு வருஷம். இதுவும் முடியட்டும், எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் வெளியே எடுத்துவிடலாம் என்றான். நிலையில் இரண்டாவது கோடு. எல்லோரும் அதில் பாட்டுக் கேட்டார்கள். நம் ஆள் கியாரண்டி நிபந்தனைகளைச் சத்தம் போட்டு வாசித்து அதில் பதிவு செய்து வைத்தான். கார்டை அடிக்கடி எடுத்துப் பார்த்தால் அழுக்காகிவிடுமாம். சந்தேகம் வந்தால் டேப்பைப் போட்டுக் கேட்பான்.

பிறகு டிவி. கறுப்பு வெள்ளை. அதன் பெட்டி வந்த அன்று பின்னறைக் கதவு முழுசாகத் திறக்காமல் போனது. அதற்குள்ளே இருந்த வெள்ளைத் தெர்மகோலை அவன் எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கினான். தெருவில் இருந்தவர்கள் டிவி பார்க்க வந்தார்கள் என்றால், வந்தவர்களிடம் அவன் பெட்டியைத்தான் காட்டினான். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பெட்டிகள் மேல் இருக்கும் குடை, கண்ணாடிக் கோப்பை, மேலே பார்த்த அம்பு, இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஏதாவது ஒரு அம்பு பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அவன் சாப்பாட்டை விட்டு எழுந்து போய்த் திருப்பி வைப்பான்.

"படக்குழாய்க்கு மட்டும் அஞ்சு வருஷம் கியாரண்டி" என்று பெருமையாகச் சொன்னான்.

"அஞ்சா" என்றாள் அவன் பெண்டாட்டி. கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போட்டாள்.

அந்த ஐந்து வருஷம் முடிவதற்குள் இஸ்திரிப் பெட்டி, கால்குலேட்டர், கேமரா, தாடி மழிக்கிற மெஷின் என்று சில்லறைச் சாமான்கள் வரிசையாக வந்தன. எதுவும் ஆடம்பரத்துக்கு இல்லை, உலகம் போகிற வேகத்துக்கு நாமும் போக வேண்டாமா என்பான். உலகம் வேகமாகத்தான் போனது. அவன் வீட்டில் மட்டும் குளியலறைக்குப் போகிற வழி குறுகிக்கொண்டே வந்தது.

சாமான்களாவது கெட்டுத் தொலைந்ததா என்றால் அதுவும் இல்லை. இவன் வீட்டுச் சாமான்களுக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியும். கியாரண்டி இருக்கிற வரை சமர்த்தாக ஓடும். முடிந்த மறு வாரம் இருமும், புகையும், நின்றுவிடும். அதனால் ஒரு தடவைகூட எந்தப் பெட்டியும் எந்தச் சாமானையும் சுமந்துகொண்டு எங்கேயும் போனதில்லை. அதற்காக அவன் நம்பிக்கை இழக்கவில்லை.

கலர் டிவி வந்தது. கூடவே ரிமோட் வந்தது. ரிமோட்டுக்கு மூன்று பிளாஸ்டிக் உறை போட்டான். எத்தனை உறை போட்டாலும் ஏழாம் நம்பர் மேல் மட்டும் கொஞ்சம் கிழிந்துவிட்டது. மேலும் கிழியக்கூடாது என்று அந்த வீட்டில் ஏழாம் நம்பரை அமுக்கத் தடை போட்டான்.

"ஏழுலதான்ப்பா நல்ல படம் போடறான்" என்று மகள் அழுவாள்.

"ஆறைப் பாரு. எட்டைப் பாரு. நடுவுல என்ன பெரிசா இருந்துடப் போகுது?" என்பான்.

அந்தப் பெண் வளர்ந்து கல்யாணமாகிப் போய், தன் வீட்டில் முதல் வேலையாக ஏழாம் நம்பரைப் பார்த்தாளாம்.

வீடியோ டெக், காதில் மாட்டிக்கொண்டு நடக்கிற வாக்மேன், அதன் பிறகு ஆள் இல்லாதபோது பதில் சொல்கிற டெலிபோன். இந்த டெலிபோன் வந்த பிறகு அவன் வீட்டில் இருந்தாலும் போனை எடுப்பதில்லை. "வீட்டில் யாரும் இல்லை, விஷயத்தைச் சொல்லவும்" என்று அவன் குரலிலேயே அது சொல்லும். இவன் பக்கத்தில் நின்று கைகட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். நான் ஒரு நாள் மாடியிலிருந்து போன் போட்டேன்.

"டேய், அடுப்புல பால் பொங்குது, வாசம் மேல வரைக்கும் வருது. நீ அங்கதான் நிக்கறே, எனக்குத் தெரியும். போய் அணைடா" என்று சொன்னேன்.

அவன் மெஷின் முழுசாகப் பதிவு செய்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்தான். அந்தப் பதிவு ரொம்பத் தெளிவாக இருந்ததாகச் சாயங்காலம் என்னிடம் வந்து பாராட்டினான்.

இதற்கெல்லாம் நடுவே அவன் பெண்டாட்டி அதே நடையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கைகாரி. திரைச்சீலை, தலையணை உறை, சட்டை என்று வந்ததெல்லாம் தைப்பாள். ஒரு வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை கொஞ்சம் தைத்துக் கொடுத்தாள். தலைமையாசிரியையே நேரில் வந்தார். நடையில் உட்கார இடம் இல்லாமல் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தார்.

"தையல்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா சட்டையைப் போட்டதும் பிள்ளைங்களுக்குப் பசிக்குதாம். வெங்காயம் வதக்கின வாசம் போகவே இல்லை" என்றார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். "அடுத்த வருஷத்துக்கு முழுப் பள்ளிக்கும் உங்ககிட்டயே கொடுக்கலாம்னு இருக்கேன். ஆனா மூணு மெஷின் போடணும், ரெண்டு பேரை வேலைக்கு வெச்சிக்கணும். இந்த இடத்துல முடியாதே. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு அறை காட்டுங்க. இல்லைன்னா மார்க்கெட் கடைக்குக் கொடுத்திடுவேன். தப்பா நினைக்காதீங்க."

பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். நான் பின்னறைக் கதவைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. முக்காலியைத் தள்ளித் தள்ளியே இருபத்தெட்டு வருஷம் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை போன் கியாரண்டி முடியுது அண்ணி" என்று மெதுவாகச் சொன்னாள். "அதுதான் கடைசி. வேற எதுவும் பாக்கி இல்லை. நான் எண்ணி வெச்சிருக்கேன்."

அன்று ராத்திரியே தம்பியிடமும் சொல்லியிருக்கிறாள். "சொன்ன சொல் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் வெளிய எடுத்திடறேன்" என்றானாம். அவள் அறையை வாசலில் நின்றபடி டேப் வைத்து அளந்து, மூன்று மெஷினையும் எங்கெங்கே போடுவது என்று மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் வந்தது.

மூன்று பெட்டி. அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆபீஸில் எல்லோருமாகச் சேர்ந்து சொல்லி வைத்தது, அன்றைக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைக் கண்டதும் அவனுக்கு வெள்ளிக்கிழமை மறந்துவிட்டது. ஞாபகம் வந்தபோது தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஒரே ஒரு வருஷம்" என்றான்.

அவள் சண்டை போடவில்லை. சாக்கட்டியை எடுத்து நிலையில் ஒரு கோடு போட்டாள். கோடுகள் அவள் தலைக்கு மேலே போயிருந்தன. முக்காலி மேல் ஏறித்தான் போட்டாள். இறங்கி வந்து எனக்கு ஒரு டம்ளர் தேநீர் கொடுத்துவிட்டு, "மார்க்கெட் கடைக்காரர் நல்லாத் தைப்பாரா அண்ணி?" என்று கேட்டாள். நான் டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன்.

எழுந்து போய்த் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவளுக்கு அந்த அறையைக் கொடுடா."

"கொடுக்கத்தான் போறேன் அக்கா. கியாரண்டி முடியட்டும்."

"உன் ஆயுசு முடிஞ்சிடும்டா அதுக்குள்ள."

"பேச்சுன்னா பேச்சுதான் அக்கா. கியாரண்டி இருக்கற வரைக்கும் பெட்டி உள்ள. இல்லைன்னா வெளிய. இதுல பாசத்துக்கு இடமே இல்லை."

அந்த வருஷம் முடிகிறபோது உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும் என்று எல்லா இடத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் கம்ப்யூட்டர் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் டிவி மாதிரி இருக்கிற அந்தத் திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு இருண்டு போனது.

வேறு யாராக இருந்தாலும் வயிறு எரிந்திருக்கும். என் தம்பி முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

"கியாரண்டிக்குள்ள போயிடுச்சு அக்கா" என்று மாடி ஏறி வந்து சொன்னான். மூச்சு வாங்கியது. "கியாரண்டிக்குள்ள."

பின்னறைக்குப் போனான். பெட்டி, தெர்மகோல், பிளாஸ்டிக் பை, பையின் வாயைக் கட்டியிருந்த சிறு கம்பி, எல்லாம் இருந்தன. திரையை உள்ளே இறக்கினான். நழுவாமல், இடிக்காமல் கச்சிதமாக உட்கார்ந்தது. வேன் பிடித்தான். அம்பு மேலே பார்த்தபடி இருக்கப் பெட்டியை ஒரு பக்கம் பெண்டாட்டியும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டோம்.

ரிப்பேர் பார்க்கிற கம்பெனி ஆபீஸில் நல்ல கூட்டம். ஒருவர் டிவியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரு அம்மாள் டேப் ரிக்கார்டரைக் காய்கறிப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். தம்பி அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"போர்வையில சுத்திக் கொண்டு வந்திருக்காங்க பாரு அக்கா. இவங்களுக்கெல்லாம் எப்படி கியாரண்டி தருவான்?"

போர்வைக்காரர் ஒரு மடங்கிய கார்டை நீட்டினார். ஓரத்தில் எண்ணெய்க் கறை. கவுண்டரில் இருந்தவர் பார்த்தார், சீட்டுக் கிழித்துக் கொடுத்தார், டிவியை வாங்கி வைத்தார். காய்கறிப் பையும் அப்படியே உள்ளே போனது. அடுத்து நாங்கள்.

கவுண்டர்க்காரர் பெட்டியை எட்டிப் பார்த்தார். "பெட்டி எதுக்கு சார்? மானிட்டரை மட்டும் வெளிய எடுங்க. பெட்டியை அந்த ஓரமா வெச்சிடுங்க."

"பெட்டி இல்லாம எப்படி?" என்றான் தம்பி.

"பெட்டியை யாரும் கேக்கறதில்லை சார். கார்டு?"

தம்பி சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, உறைக்குள்ளிருந்த கார்டை இரண்டு விரலால் உருவி, கவுண்டர் மேல் வைத்தான். பளபளவென்று இருந்தது. கவுண்டர்க்காரர் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். படிக்கத் தெரியாதவளுக்கும் வெறும் கோடு தெரியும். கார்டு முழுக்க வெறும் கோடு.

"இதுல ஒண்ணுமே எழுதலையே சார்."

"எழுதினா கார்டு அழுக்காயிடும்னு..."

"பேரு இல்லை, தேதி இல்லை, கடை முத்திரை இல்லை. இந்தக் கீழ்ப் பாதியைக் கிழிச்சு வாங்கின பத்து நாளுக்குள்ள எங்களுக்கு அனுப்பியிருக்கணும். அப்போதான் கியாரண்டியே ஆரம்பிக்கும்." அவர் கார்டைத் தம்பி பக்கம் தள்ளினார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை, அலுப்புதான் இருந்தது. "எல்லாக் கட்டமும் காலியா இருக்கு சார். எடுத்துட்டுப் போங்க. இங்க வெச்சிருக்க முடியாது."

நான் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை. சரி, கொஞ்சம் பார்த்தேன். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முதல் தடவையாகக் கேட்கிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

வேனில் திரும்பி வரும்போது அவன் பெண்டாட்டி கேட்டாள். "என்னங்க, மத்த கார்டெல்லாம் எழுதியிருக்கீங்களா?"

அவன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பின்னறைக்குள் போனாள். பெட்டி பெட்டியாகத் திறந்து கார்டுகளை எடுத்து வந்து நடையில் தரையில் வரிசையாக வைத்தாள். டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், டிவி, இஸ்திரிப் பெட்டி, எல்லாம். பத்தொன்பது கார்டு. கதவு நிலையில் பத்தொன்பது கோடு. கார்டு ஒவ்வொன்றும் அச்சகத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல் இருந்தது. ஒன்றில்கூட ஒரு மைத்துளி இல்லை.

"அப்போ இந்த வீட்டுல எதுக்குமே கியாரண்டி இருந்ததில்லை" என்றாள்.

தம்பி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தோற்றுப்போனவன் என்று நினைத்தால் தப்பு. அவன் ஆபீஸ் மூளை வேலை செய்துகொண்டிருந்தது.

"ஆரம்பிக்கவே இல்லைன்னா" என்று நிதானமாக ஆரம்பித்தான், "முடியவும் இல்லைன்னுதானே அர்த்தம்? முடிஞ்சாதானே பெட்டியை எடுக்கணும்னு பேச்சு?"

நான் பக்கத்தில் ஏதாவது கைக்குக் கிடைக்குமா என்று தேடினேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள் அவனிடம். "ஒரு சந்தேகம். உங்க கவுண்டருக்கு ஒரு பார்சல் வருது. படிவத்துல கட்டம் எல்லாம் காலி. என்ன பண்ணுவீங்க?"

"திருப்பி அனுப்பிடுவேன்."

"பாவம், தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்திருக்காங்க. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமேன்னு விடுவீங்களா?"

"அது எப்படி விட முடியும்? படிவம் இல்லாத பார்சல் ஆபீஸ்ல ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. யார் கொண்டு வந்தாங்களோ அவங்களே எடுத்துட்டுப் போகணும். அது விதி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. பேச்சு மாறாதவன். விதியையும் மீறாதவன். கார்டு வரிசையைப் பார்த்தான், நிலையில் இருந்த கோடுகளைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் குளியலறைப் பக்கம் ஒதுங்கி வழிவிட்டு நின்றாள்.

அவன் எழுந்து போய் முதல் பெட்டியைத் தூக்கினான். டிரான்சிஸ்டர் பெட்டி. அம்பு மேலே பார்த்தபடிதான் தூக்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் வரை ஆனது. எல்லாப் பெட்டியையும் வாசலில் அடுக்கி முடித்த பிறகு அவள் வந்து பார்த்து, டிவி பெட்டி இரண்டையும் கம்ப்யூட்டர் பெட்டி மூன்றையும் தட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் இருக்கட்டும்" என்றாள்.

அவன் கண் பளிச்சென்று ஆனது. அவள் பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள். நல்ல கெட்டி அட்டை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை வெட்ட அளவு அட்டை செய்து முடித்தாள். ஆறு வயதுக்கு, ஏழு வயதுக்கு, எட்டு வயதுக்கு. கை அட்டையில் குடை வந்தது. காலர் அட்டையில் கண்ணாடிக் கோப்பை. முதுகு அட்டையில் அம்பு. தம்பி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அம்பு மேல பாத்த மாதிரி வெச்சு வெட்டு. அப்பதான் சட்டை நேரா வரும்" என்றான். அவள் அதை மட்டும் கேட்டாள். நேராகத்தான் வந்தது.

மாசக் கடைசிக்கு நாலு நாள் இருக்கையில் தலைமையாசிரியை வந்தார். பின்னறையில் ஜன்னல் ஓரமாக மூன்று மெஷின் நின்றது. அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். வெங்காய வாசம் இல்லை. உத்தரவு இவளுக்கே வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கு வரைக்கும் இந்த வீட்டுச் சட்டைதான்.

கம்ப்யூட்டர் திரையை அவன் சரி பண்ணவே இல்லை. திரை இல்லாத கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமை போட்டு, அது உள்ளே ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று அணைத்துவிடுவான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரம் ஒரு செல்போன் வாங்கி வந்தான். பின்னறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. கேட்காமல் அந்த அறைக்குள் அவன் வருவதில்லை. மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் தலை நிமிராமலேயே கேட்டாள்.

"கார்டு?"

"கடையிலயே வெச்சு எழுதிட்டேன். முத்திரை வாங்கிட்டேன். கிழிச்சுத் தபால்லயும் போட்டுட்டேன். ஒரு கட்டம் பாக்கி இல்லை."

"பெட்டி?"

அவன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. குடை, கோப்பை, அம்பு எல்லாம் எறும்பளவில் அதிலும் இருந்தன. அவள் மெஷினை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்த்தாள். மூடியைத் திறந்து மூடினாள்.

"பொத்தான் போட அளவா இருக்கு" என்று சொல்லி, மேஜை மேல் சிதறிக் கிடந்த வெள்ளைப் பொத்தான்களை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அவன் கையை நீட்டி, அம்பு மேலே பார்க்கும்படி மட்டும் அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.